மறுப்பதற்கும் ஒரு கையொப்பம் இடுங்கள்

யாழ்ப்பாண மாவட்டத்தின் 15 பிரதேச செயலகங்களிலும் 435 கிராம அலுவலர் பிரிவுகளிலும் கடமையாற்றும் உத்தியோகத்தர்களுக்கு,

வணக்கம்.

இந்த மடலை எழுதுகிறவன் உங்கள் நாற்காலியில் இருந்தவன். 1985 இல் எழுதுவினைஞராகச் சேர்ந்து, அந்தப் பதவியின் பெயர் இடையில் முகாமைத்துவ உதவியாளர் என்று மாறிய பின்னரும் அதே வேலையைச் செய்து, 31 வருடங்களின் பின் ஓய்வுபெற்றேன். (என் சாதகத்தில் ஒரு திகதியும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஆறு கிழமை பிந்திய இன்னொரு திகதியும் உண்டு, நான் பிறந்தது முதலாவதன்படி, ஓய்வுபெற்றது இரண்டாவதன்படி.) ஆகவே, உள்ளே நடப்பது தெரியாத வெளியாள் ஒருவர் குறை சொல்கிறார் என்று இதை ஒதுக்கிவிட மாட்டீர்கள் என நம்புகிறேன்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் முகப்புக்கு வரும் ஒருவரை, ஏதோவொரு காரணத்தால் அவருடைய அலுவலை முடித்துக்கொடுக்காமல் திருப்பி அனுப்பும்போது, என்ன குறை, அதைக் குறையென்று சொல்லும் சட்டம் அல்லது சுற்றுநிருபம் எது, எதைக் கொண்டுவந்தால் அலுவல் முடியும் என்பவற்றை அரைத்தாளில் எழுதி, திகதியிட்டு, கையொப்பமிட்டு அவர் கையில் கொடுங்கள். கேட்பது அவ்வளவுதான். அரைத்தாள் ஒன்றைக் கேட்க இத்தனை பக்கமா என்று நீங்கள் நினைப்பது நியாயம். ஆனால் அந்த அரைத்தாள் இல்லாமையால் இங்கே எத்தனை பேருடைய காலம் கரைந்துபோனது என்பதை, கரைத்தவர்களில் ஒருவன் என்ற முறையில், சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அவருடைய பெயர் பராசக்தி. விவாகப் பதிவிலும் தேசிய அடையாள அட்டையிலும் அது பராசத்தி. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் சத்தி என்று எழுதுவதே பெருவழக்கு; தேவாரம் படித்த வாய் அப்படித்தான் சொல்லும். பிறப்பைப் பதிந்தவர் ஒரு மாதிரி எழுதினார், விவாகத்தைப் பதிந்தவர் இன்னொரு மாதிரி எழுதினார், அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பியவர் இரண்டாமவரைப் பின்பற்றினார். மூவரும் பிழை செய்யவில்லை. அக்காவும் எதுவும் செய்யவில்லை. அரச பாடசாலை ஆசிரியராக இருந்து இளைப்பாறிய அத்தான் காலமான பின்னர், விதவைகள் ஓய்வூதியத்துக்கு அக்கா விண்ணப்பித்தபோதுதான், அந்த ஒரு எழுத்து அவருடைய வாழ்க்கைக்குள் முதன்முதலாக நுழைந்தது.

எந்தச் செயலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. எந்தச் செயலகத்திலும் இது நடந்திருக்கும். முதல் முறை போனபோது, இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். சமாதான நீதவானிடம் முடித்துக்கொண்டு போனோம். இரண்டாம் முறை, சத்தியக்கடதாசி மட்டும் போதாது, கிராம அலுவலரின் கடிதமும் வேண்டும் என்றார்கள். மூன்றாம் முறை, அக்கா இப்போது மகளோடு வேறு பிரிவில் இருப்பதால் அந்தப் பிரிவின் கிராம அலுவலர்தான் கடிதம் தர வேண்டும் என்றார்கள். அந்தக் கிராம அலுவலரோ, அக்காவைத் தனக்கு ஆறு மாதமாகத்தான் தெரியும், எழுபது வருடத்துப் பெயருக்குத் தான் எப்படிச் சாட்சி சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி. நான்காம் முறை அந்த விடயத்துக்குப் பொறுப்பானவர் லீவு. ஐந்தாம் முறை இடமாற்றம் பெற்று வந்திருந்த புதியவர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, சத்தியக்கடதாசி பழசாகிப்போனது, புதிதாக முடித்து வாருங்கள் என்றார். அது பழசானது அவர்களுடைய மேசையில் கிடந்துதான் என்பதை நான் சொன்னேன். "அப்பு, அங்காலை இருங்கோ, பிறகு பாப்பம்" என்றார் அந்தப் பிள்ளை. மரியாதையாகத்தான் சொன்னார். பதினொரு மாதம் ஓய்வூதியம் இல்லாமல் போனது.

வரும் வழியில் அக்கா கேட்டார்: "பராசத்தி நானெண்டால், பராசக்தி எண்டது ஆர் தம்பி?" அவர் பகிடியாகக் கேட்கவில்லை. எழுபது வயது தாண்டிய ஒருவர், தான் பிறந்ததை நிரூபிக்க முடியாதவராக, பிறந்த வீட்டுப் பெயரும் புகுந்த வீட்டுப் பெயரும் இரண்டு ஆட்களாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. ஏனென்றால், அந்த ஐந்து தடவையும் அவரைத் திருப்பி அனுப்பிய முறை ஒவ்வொன்றும் நான் கையாண்ட முறை. ஒரே நாளில் எல்லாக் குறையையும் சொல்லாமல், முதலில் கண்ணில் பட்ட குறையைச் சொல்லி அனுப்புவது, எனக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட முதற்பாடம். வரிசை நீண்டு நிற்கும் நாளில் வேகமாகக் குறைப்பதற்கு அதைவிட இலகுவான வழி இல்லை.

நாங்கள் கெட்டவர்களாக இருந்து அப்படிச் செய்யவில்லை. காரணம் வேறு, அதை நீங்களும் அறிவீர்கள். ஒரு விண்ணப்பத்தை ஏற்று முன்னே அனுப்பும்போது உங்கள் கையொப்பம் அதிலே ஏறுகிறது. நாளைக்கு அதில் பிழையொன்று கண்டால் கணக்காய்வில் கேள்வி வரும். விளக்கம் எழுத வேண்டும். சம்பள ஏற்றம் நிற்கும். விசாரணைக்குப் போனால் ஓய்வூதியமே ஆடும். ஒருவரைத் திருப்பி அனுப்பும்போது எந்தத் தாளிலும் எதுவும் ஏறுவதில்லை. அவர் வந்ததற்கே பதிவு இல்லை. பத்து முறை திருப்பினாலும் உங்களுடைய தனிப்பட்ட கோவை வெள்ளையாகவே இருக்கும். அந்த நாற்காலியில் யாரை இருத்தினாலும், அவர் எவ்வளவு இரக்கமுள்ளவராக இருந்தாலும், இரண்டு வருடத்துக்குள் திருப்பி அனுப்பப் பழகிக்கொள்வார். நான் பழகியதற்கு அவ்வளவு காலம்கூடத் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் என் பிழையொன்றைச் சொல்ல வேண்டும். 2011 இல் ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், முன்பள்ளி ஆசிரியை. அவருடைய கணவர் 2009 மே மாதத்தின் பின் எங்கே என்று தெரியாதவர். உதவித்திட்டம் ஒன்றுக்கான படிவம் அது. குடிசார் நிலை என்ற கூட்டில் விவாகமானவர், விவாகமாகாதவர், விதவை, விவாகரத்தானவர் என்று நான்கே சொற்கள். அவர் எதையும் வெட்டாமல் வெறுமையாக விட்டிருந்தார். நிரப்பாத படிவத்தை ஏற்க முடியாது என்றேன். "அதில என்ர நிலை இல்லை, ஐயா" என்றார். நான் வாக்குவாதப்படவில்லை. படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் 'வி' என்று மெல்லிதாகக் குறித்து, பிறகு மேலே கேட்டுச் செய்யலாம் என்று ஒருபக்கம் வைத்தேன். முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு எதிரே இருந்து பாடம் சொல்லிப் பழகியவருக்குத் தலைகீழான எழுத்தை வாசிப்பது வழக்கமாக இருந்திருக்க வேண்டும். அவர் அதை வாசித்தார். விவாகமானவர் என்பதற்கும் விதவை என்பதற்கும் முதலெழுத்து ஒன்றுதான், அம்மா, எதுவென்று நான் எழுதவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் எதுவும் பேசாமல் நெற்றிப் பொட்டைச் சரிசெய்துவிட்டுப் படிவத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். பிறகு வரவில்லை. அந்த உதவித்திட்டத்தில் அவருடைய பெயர் இல்லை. 'விண்ணப்பிக்கவில்லை' என்பதே அவரைப் பற்றிய பதிவு.

அந்தக் காலத்தில் சட்டமும் எனக்கு மேலே நின்று அதையேதான் செய்துகொண்டிருந்தது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இறப்புப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, ஒரு வருடத்துக்கு மேலாகக் காணாமற்போனவருக்கு இறப்பு அத்தாட்சிப் பத்திரம் பெறலாம். பெற்றால் அலுவல்கள் நடக்கும். ஆனால் அதற்குக் கணவர் இறந்தார் என்று மனைவி தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். 2016 இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, ஆள் இல்லாதிருப்பதை மட்டும் சொல்லி, இறந்தார் என்று சொல்லாத சான்றிதழ் ஒன்று வந்தது. அதுவரையான காலத்தில், மனைவிக்கும் விதவைக்கும் இடையில் நின்ற பெண்கள் எங்கள் படிவங்களில் வெறும் கூடாகவே இருந்தார்கள். அவர்களிற் பலருக்குச் சீதனக் காணியும் இருந்தது. தேசவழமை என்னும் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண், தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதத்தைப் பெற வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. எங்கே என்று தெரியாத மனிதரிடம் எந்தச் சம்மதத்தை வாங்குவது? மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்கலாம் என்ற வழி அதே சட்டத்தில் உண்டு. பிள்ளையின் படிப்புக்குக் காணியை ஈடு வைக்க வந்தவர் முதலில் சட்டத்தரணிக்குப் பணம் தேட வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

தேசவழமையின் கதையே ஒரு பதிவேட்டின் கதைதான். ஒல்லாந்தரின் காலத்தில், திசாவையாக, அதாவது நிர்வாக அதிகாரியாக, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இந்த ஊரின் வழக்கங்களைத் திரட்டி எழுத, 12 முதலிமார் அதைப் பார்த்து ஒப்ப, 1707 இல் அது சட்டமாயிற்று. ஊருக்கு ஊர் சற்று வேறாகவும் காலத்தோடு மாறியும் வந்த வழக்கம், எழுத்தில் ஏறிய அன்றைக்கு அந்த நிலையிலேயே நின்றுவிட்டது. அதே ஒல்லாந்தர்தான் தோம்பு எழுதினார்கள். யாருக்கு எவ்வளவு காணி என்பதோடு, யார் எந்தச் சாதி, எவர் அரசுக்கு ஊழியம் செய்யக் கடமைப்பட்டவர் என்பதும் பெயருக்குப் பக்கத்தில் ஏறியது. ஊரார் பேச்சில் இருந்த ஏற்றத்தாழ்வு, அரசின் ஏட்டில் ஏறியதும் அதற்கு இன்னொரு பலம் வந்துவிட்டது. தோம்பை எழுதிய கணக்கப்பிள்ளை ஊரவர்தான். மேலிடம் கேட்டதை எழுதினார், அவ்வளவே. நம்முடைய தொழிலின் மூதாதை அவர். அவரை நினைக்கும்போது எனக்குப் பெருமையும் வரும், கூச்சமும் வரும்.

பிரித்தானியர் காலத்தில் கச்சேரி என்ற அரச நிர்வாக அலுவலகம் வந்தது. 1829 தொடக்கம் 1867 வரை, பெரும்பாலான காலம், பேர்சிவல் ஆக்லண்ட் டைக் என்ற ஒரே மனிதர்தான், முதலில் கலெக்டராகவும் பிறகு வட மாகாணத்தின் அரசாங்க அதிபராகவும் இங்கே இருந்தார். கண்டி வீதியால் போகும்போது பழைய பூங்காவைப் பார்ப்பீர்கள். அது அவருடைய வளவு. ஒருவர் அவ்வளவு காலம் இருந்தால், அவருடைய விருப்பு வெறுப்பே மாகாணத்தின் விதியாகிவிடும். அவருக்குக் கீழே மணியகாரர், உடையார், விதானையார் என்று படிப்படியாக இறங்கி வந்த அதிகாரம், ஊர் மட்டத்தில் விதானையார் வீட்டுத் திண்ணையில் வந்து முடிந்தது. 1963 இல் விதானை முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தார். பிறகு அந்தப் பெயரும் மாறியது. ஆனால் இன்றைக்கும் எங்கள் ஊர்க் கிழவிகள் "விதானையாரிட்டைப் போட்டு வாறன்" என்றுதான் சொல்கிறார்கள். பழைய பெயர் நாவில் நிற்பதற்குப் பழக்கம் மட்டும் காரணமென்று எனக்குத் தோன்றவில்லை. தமக்கு முன்னால் இருப்பவர் விதியின்படி நடக்கிறாரா, மனம்போல் நடக்கிறாரா என்று பிரித்தறிய அவர்களுக்கு இன்னமும் வழியில்லை. எழுதித் தராத மறுப்பு எல்லாமே விதானையாரின் மறுப்புப் போலத்தான் இருக்கும்.

கடதாசி கேட்பதாலேயே ஒரு சமூகத்தை நாடற்றவராக்க முடியும் என்பதற்கும் நமக்குத் தூரத்துச் சான்று தேவையில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பார்த்து, உன் தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்று கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்கு எவர் பதிவு எழுதி வைத்தார்? வாக்குரிமை போயிற்று, பின்னால் ஒப்பந்தங்கள் வந்து பல இலட்சம் பேரை இந்தியாவுக்குக் கப்பலேற்றின. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை அந்தக் கணக்கு முற்றாகத் தீரவில்லை. வன்முறைகளுக்குத் தப்பி வன்னியில் வந்து குடியேறிய அந்த மக்களிற் பலர், பிறகு எங்கள் முகப்புகளுக்கும் வந்தார்கள். அவர்களிடமும் நாங்கள் தகப்பனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கேட்டோம்.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் அத்தாட்சிப் பத்திரங்களை எப்படிப் பாதுகாத்தன என்பது உங்களுக்கு வீட்டில் சொல்லப்பட்டிருக்கும். 1995 ஒக்டோபர் 30 இல் ஊரே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, மழைக்குள், தண்ணீரும் சோறும் இல்லாத கைகளிற்கூட உறுதிப்பை இருந்தது. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி, துணிப்பையில் வைத்து, நகையோடு சேர்த்து இடுப்பில் கட்டியிருந்தார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்னர், 1990 ஒக்டோபரில், சில மணி நேரத்துக்குள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கு அவ்வளவு அவகாசமும் கிடைக்கவில்லை. புத்தளத்து முகவரியோடு அவர்கள் திரும்பி வந்து சோனகத் தெருவில் தம் வீட்டைக் காட்டியபோது, வதிவிடத்துக்கு அத்தாட்சி கேட்டவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். பையைக் கொண்டுவர முடிந்தவர்களுக்கும், பை எரிந்துபோனவர்களுக்கும், பை எடுக்க விடப்படாதவர்களுக்கும் முகப்பில் ஒரே கேள்விதான் இருந்தது: மூலப்பிரதி எங்கே?

சட்டம் இயற்றுவோர் சிலவேளை நம்மைவிட வேகமாக விளங்கிக்கொள்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். யுத்த காலத்தில் தன் காணிக்கு வழக்குப் போட முடியாதிருந்தவருக்கு எதிராக ஆட்சியுரிமைக் காலம் (பிறர் காணியை நெடுநாள் வைத்திருந்தவர் அதற்கு உரிமை கோர எண்ணும் காலம்) ஓடியிருக்கக் கூடாது என்று 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்கு வழி செய்தது. அந்தச் சட்டத்துக்குள் ஒரு ஒப்புதல் இருக்கிறது: இந்த மண்ணில் சில வருடங்களை வழமையான வருடங்களாக எண்ண முடியாது. நாம் மட்டும் முகப்பில் 1990 க்கும் 2009 க்கும் இடைப்பட்ட கடதாசி ஒன்று இல்லையென்றால் இன்றைக்கும் முகம் சுளிக்கிறோம்.

இனி உங்கள் பக்கம். சுற்றுநிருபங்கள் சிங்களத்தில் வரும். தமிழ்ப் பிரதி பிந்தி வரும், சிலவேளை வராமலே விடும். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956 இன் சட்டம் போட்ட முடிச்சு, 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பின்னரும், கடித உறைக்குள் அவிழாமல் கிடக்கிறது. நான் சேவையில் இருந்த காலத்தில், வந்த சுற்றுநிருபத்தைச் சிங்களம் தெரிந்த ஒருவர் வாசித்துச் சொல்ல, அவர் சொன்னதை மற்றவர்கள் விதியாகக் கொண்டோம். அவர் இடமாற்றம் பெற்றுப் போன பின்னும் அவர் சொன்னது நின்றது. ஆளுக்கு ஆள் வாய்வழி வந்து, தொடக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் தெரியாத விதிகள் எத்தனையோ எங்கள் அலுவலகத்தில் இருந்தன. இதற்கு மேலே ஆட்பற்றாக்குறை, ஒரே மேசையில் மூன்று விடயம், பொதுமக்கள் தினத்தில் மின்விசிறியும் வேலை செய்யாத மண்டபம். இவையெல்லாம் உண்மை. இவற்றில் எதுவும் அக்காவின் பிழை இல்லை என்பதும் உண்மை.

அரைத்தாள் யோசனை என்னுடையதல்ல. நான் ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்கள் முன்னர், எங்களுக்குப் பிரதேச செயலாளராக வந்த ஒருவர் ஒரு வருடமளவில் அதை நடைமுறைப்படுத்தினார். ஆளைத் திருப்பினால் துண்டு எழுது. துண்டின் கார்பன் பிரதி மாலையில் அவருடைய மேசைக்கு வர வேண்டும். உத்தரவு அவ்வளவுதான். நாங்கள் கொதித்தோம். நானும் கொதித்தவன், தொழிற்சங்கத்துக்குக் கடிதம் எழுதுவோம் என்று முதலில் சொன்னவனே நான்தான். முதல் கிழமை வேண்டுமென்றே 'ஆவணம் போதாது' என்று மட்டும் எழுதினோம். எது போதாது என்று சிவப்பு மையால் கேட்டு எல்லாம் திரும்பி வந்தன. இரண்டாம் கிழமையில் விதி இலக்கத்தை எழுத வேண்டி வந்தபோதுதான் அலுமாரிகளைத் திறந்தோம். கிராம அலுவலரின் கடிதம் மூன்று மாதத்துக்கு மேற்பட்டதென்றால் செல்லாது என்று நான் இருபது வருடமாக ஆட்களைத் திருப்பியிருக்கிறேன். அந்த விதியைத் தேடினோம், கிடைக்கவில்லை. எங்கள் தலைமை எழுதுவினைஞர் கடைசியில் சொன்னார்: "அது முந்தியிருந்த ஐயா சொன்னவர்." முந்தியிருந்த ஐயா காலமாகிப் பன்னிரண்டு வருடம்.

அதன் பின் நடந்தது எங்களுக்கே புதுமையாக இருந்தது. எழுத முடியாத காரணத்துக்காக ஆளைத் திருப்ப எவருக்கும் மனம் வரவில்லை. எழுதக்கூடிய காரணம் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே துண்டில் எழுதினோம், ஏனென்றால் இரண்டாவது துண்டு எழுதினால் முதலாவதில் ஏன் எழுதவில்லை என்ற கேள்வி வரும். துண்டோடு திரும்பி வந்தவர் யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்கவில்லை. முதலில் பார்த்தவர் லீவென்றாலும் பக்கத்து மேசைக்காரர் துண்டைப் பார்த்து முடித்துக்கொடுத்தார். எங்களுக்கும் அதில் ஒரு காப்பு இருந்தது. பின்னாளில் ஒருவர், தன்னைப் பணம் கேட்டுத் திருப்பினார்கள் என்று மேலிடத்துக்கு எழுதியபோது, என் துண்டின் பிரதிதான் என்னைக் காப்பாற்றியது. அந்தச் செயலாளர் மாறிப்போனார். அடுத்தவர் துண்டைக் கேட்கவில்லை. நாங்களும் நிறுத்திவிட்டோம், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல்.

நேரம் போதாது என்பீர்கள். துண்டு எழுத மூன்று நிமிடம் போகும். அக்காவின் ஐந்து வருகைகளிலும் உங்கள் அலுவலகத்தின் நேரம் எவ்வளவு போனதென்று கணக்குப் பாருங்கள். துண்டைக் காட்டி மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதுவார்கள் என்பீர்கள். எழுதட்டும், முறைப்பாடு எழுதத் தெரிந்தவர் துண்டு இல்லாமலும் எழுதுவார், அமைச்சரின் இணைப்பாளரைத் தெரிந்தவர் தொலைபேசியிலேயே அலுவலை முடிப்பார், ஒன்றும் தெரியாதவருக்கு மட்டும்தான் துண்டு தேவைப்படுகிறது. எல்லாம் கணினிமயமாகிவிடும், இனி இந்தச் சிக்கல் வராது என்று சில இளையவர்கள் என்னிடம் சொன்னார்கள். பராசக்தியும் பராசத்தியும் ஒருவரா என்று கணினியிடம் கேட்டால் அது 'பொருந்தவில்லை' என்று இன்னும் வேகமாகச் சொல்லும். அதற்குப் பிறகும் ஒரு மனிதர் இருந்து, பொருந்தாமைக்கு என்ன செய்வது என்று எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

சட்டத்தில் இடமில்லை என்றும் சொல்ல முடியாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஒருவர் கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் எடுக்கவும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் சொல்லவும் உங்களைக் கட்டுப்படுத்துகிறது. அக்கா, 'என் விண்ணப்பம் ஏன் நிற்கிறது' என்று அந்தச் சட்டத்தின் கீழ்க் கேட்டால், எழுதித்தான் ஆக வேண்டும். தகவல் கேட்பவருக்கு எழுதுகிற மறுப்பை, ஓய்வூதியம் கேட்பவருக்கு எழுதுவதில் என்ன தடை? மாவட்டச் செயலாளர் அவர்கள் ஒரு பக்கச் சுற்றுநிருபத்தால் இதை 15 செயலகங்களிலும் தொடங்கி வைக்கலாம். அவர் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டிய தேவையும் உங்களுக்கு இல்லை. துண்டு எழுதக் கூடாது என்று எந்தச் சுற்றுநிருபமும் சொல்லவில்லை; நான் அலுமாரி முழுவதும் தேடியவன்.

அந்த முன்பள்ளி ஆசிரியைக்கு நான் துண்டு எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். 'கணவர் இருக்கிறாரா இல்லையா என்று விண்ணப்பதாரர் சொல்ல மறுத்தமையால் திருப்பப்படுகிறது' என்று என் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டிருக்க வேண்டும். என்னால் முடிந்திராது. படிவத்தை அப்படியே வாங்கி, கூடு வெறுமையாக உள்ளது என்று குறிப்பெழுதி மேலே அனுப்பியிருப்பேன்.

வருகிற பொதுமக்கள் தினத்தில் அக்காவும் நானும் ஆறாவது முறையாக வருகிறோம். புதிய சத்தியக்கடதாசி, இரண்டு கிராம அலுவலர்களின் கடிதங்கள், அக்கா படித்த பாடசாலையின் வரவுப் பதிவேட்டுப் பிரதி எல்லாம் பையில் இருக்கின்றன. அந்தப் பதிவேட்டில் அவர் 'ச. பராசத்தி' என்று இருப்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இவற்றோடு வெறும் அரைத்தாள்கள் சிலவற்றையும், இடையில் வைக்கக் கார்பன் தாளையும், ஒரு பேனாவையும் கொண்டுவருவேன். எதுவும் போதவில்லை என்றால், போதாதது எது என்று அதில் எழுதி, கீழே உங்கள் பெயரையும் திகதியையும் இட்டுத் தாருங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற முகாமைத்துவ உதவியாளர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.